கட்டைவிரல் உள்ளே இருந்தால் போதும்

பொங்கலுக்கு மறுநாள் இரவு, மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கபடி. பாடிப்போன பையனை மூன்று பேர் அமுக்கி ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். தலை, தோள், இடுப்பு எல்லாம் எல்லையைத் தாண்டிக் கிடந்தன. வலது கால் கட்டைவிரல் மட்டும் சுண்ணாம்புக் கோட்டில் ஊன்றியிருந்தது. நடுவர் குனிந்து பார்த்தார், விசிலை ஊதவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "ஆளே வெளியே கிடக்கிறான், ஒரு விரலுக்கு இவ்வளவு மரியாதையா?"

விதி அப்படித்தான். பிடிபட்டுப் போராடும்போது உடலின் ஏதாவது ஒரு பகுதி எல்லைக்குள் தரையைத் தொட்டால் அவுட் இல்லை. கோடும் களத்தில் சேர்த்திதான்.

இதைவிட வேடிக்கை லாபி. ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் என்பார்கள். ஆனால் பாடிப்போகும்போது அகலம் 8 மீட்டர்தான். இரு ஓரமும் ஒவ்வொரு மீட்டர் லாபி. யாரும் யாரையும் தொடாதவரை அதில் கால் வைத்தவர் அவுட். ஒரு விரல் பட்டதும் லாபி திறந்துகொள்கிறது. களமே ஆட்டத்தின் நடுவே அகலமாகும் விளையாட்டு வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

ஓரத்தில் ஓடுகிறவருக்கு எதிரி இயற்பியல். கால் தரையை விட்டபின் உடல் போகும் பாதையை அவரால் மாற்ற முடியாது; திரும்ப வேண்டுமானால் தரையை உதைத்தாக வேண்டும். உராய்வு குறைந்த புழுதி மண்ணில் கால் சறுக்கி ஒரு சாண் தள்ளிப் போய்விடும். மேட் எனும் செயற்கை விரிப்பில் பிடிப்பு அதிகம். மண்ணில் ஆடிப் பழகியவர்கள் கோட்டுக்குச் சற்று முன்பே திரும்புவது இதனால்தான்.

கைப்பந்திலும் கோட்டைத் தொட்ட பந்து உள்ளேதான். கூடைப்பந்தில் தலைகீழ்: கோட்டை மிதித்தாலே வெளியே. ஆனால் உள்ளிருந்து எகிறி, எல்லைக்கு அப்பால் அந்தரத்தில் பந்தைப் பிடித்து உள்ளே எறிந்துவிட்டு விழுந்தால் குற்றமில்லை. கடைசியாகக் கால் எந்தத் தரையிலிருந்து கிளம்பியதோ, அந்தரத்திலும் அவர் அங்கே இருப்பதாகவே கணக்கு.

மேலூர்ப் பையன் கடைசியில் மூச்சு முட்டிப் பாட்டை விட்டுவிட்டான். எழுந்தபோது அந்த இடத்தில் கோடே இல்லை. சுண்ணாம்பு டப்பாவோடு ஓடி வந்தவர் புதிதாகப் போட்ட கோடு நான்கு விரல் உள்ளே தள்ளியிருக்கிறது என்று அடுத்த சண்டை ஆரம்பமானது.