அலாய்: உலோகக் கலவையா, கலப்புலோகமா?

"எஃகு என்பது இரும்பும் கார்பனும் சேர்ந்த ஒரு கலப்பட உலோகம்." ஓர் அறிவியல் காணொளியின் தமிழ்க் குரல் நேற்று இப்படிச் சொன்னது. ஓர் உலோகத்தோடு வேறொன்றைச் சேர்த்து ஆக்கியதை ஆங்கிலத்தில் அலாய் (alloy) என்பார்கள், அதற்கு வைத்த இதே 'கலப்பட உலோகம்' பொருட்களின் விவரக் குறிப்பிலும் மொழிபெயர்ப்புக் கட்டுரைகளிலும் எத்தனையோ முறை கண்ணில் பட்டுவிட்டது, இதற்கு மேலும் பேசாமல் இருக்க முடியவில்லை. கலப்படம் என்றால் நல்ல பொருளில் மட்டமானதைச் சேர்த்து, சேர்த்ததை மறைத்து விற்பது. எஃகில் யாரும் எதையும் மறைக்கவில்லை. தூய இரும்பு மென்மையானது, கார்பனைச் சேர்த்ததால்தான் அது உளியாகவும் வாளாகவும் தண்டவாளமாகவும் ஆனது.

அலாய் என்ற சொல்லின் வேர் 'அல்லிகாரே' என்ற இலத்தீன் வினை, சேர்த்துக் கட்டுதல் என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இடையில் நாணய உலோகத்தில் மட்டமானதைச் சேர்த்து மதிப்பைக் குறைப்பதற்கும் இதே சொல் வழங்கியதால் ஆங்கிலத்தில் அந்தக் கெட்ட பொருளும் ஒட்டிக்கொண்டது. அகராதியில் அந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டவர்தான் 'கலப்படம்' என்று எழுதியிருக்க வேண்டும். சரி, இதை ஒதுக்குவது எளிது, யாரும் எதிர்க்க மாட்டார்கள்.

எனக்கு உண்மையான வழக்கு பாடநூல்களில் உட்கார்ந்துவிட்ட 'உலோகக் கலவை'யோடுதான்.

தமிழில் தொகைச்சொல்லின் கடைசிச் சொல்தான் பொருளைத் தாங்கும். 'மணல் கலவை' ஒரு கலவை, 'கலவை மணல்' ஒரு மணல். அப்படியென்றால் 'உலோகக் கலவை' என்பது ஒரு கலவை, அதுவும் உலோகங்களை மட்டும் கலந்த கலவை. இரண்டுமே தவறு. எஃகில் சேர்வது கார்பன், அது உலோகமே இல்லை. ஒன்றாவது உலோகமாக இருக்கவேண்டும் என்பதுதான் அலாய்க்கு விதி, மற்றது அலோகமாகவும் இருக்கலாம். முதல் பாடத்தில் 'உலோகக் கலவை' என்று படித்த மாணவர் அடுத்த பக்கத்தில் எஃகைப் பார்த்ததும் குழம்புகிறார் என்றால் குற்றம் மாணவருடையது அல்ல. (உலோகம், அலோகம் என்று ஒரே எழுத்து வேறுபாட்டில் எதிர்ச்சொல் வைத்ததும் இதே அலட்சியம்தான். வடமொழி 'லோஹ'த்துக்குத் தமிழ் முறைப்படி முன்னால் உகரம் போட்டுக்கொண்டோம், பிறகு எதிர்மறைக்கு வடமொழி முறைக்கே திரும்பி அந்த உகரத்தை எடுத்துவிட்டு அகரத்தை வைத்தோம். அவசரமாகப் படிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.)

'கலவை' என்ற சொல் என்ன படத்தைத் தருகிறது என்று பாருங்கள். ஒரு தாளில் இரும்புத் தூளையும் கந்தகத் தூளையும் கலந்து, மேலே ஒரு காந்தத்தைக் கொண்டுபோனால் இரும்புத் தூள் முள்முள்ளாக எழுந்து ஒட்டிக்கொள்ளும், மஞ்சள் தூள் அப்படியே கிடக்கும். அது கலவை. ஒன்றாக இருந்தும் இரும்பு இரும்பாகவே இருக்கிறது. இப்போது அதே காந்தத்தை 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் சேர்ந்த வகை எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்துப் பாருங்கள். 100 பங்கில் ஏறத்தாழ 70 பங்கு இரும்புதான், ஆனாலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாமல் வழுக்கி விழும். அணுக்கள் அடுக்கிக்கொண்ட விதமே மாறி, இரும்பின் குணம் போய்விட்டது. அதற்குப் பெயர் கலவையா?

உலோகவியலாளர் ஆல்ஃபிரட் வில்ம் 1906-இல் ஜெர்மனியில் கண்டது இன்னும் வியப்பு. அலுமினியத்தில் சுமார் 4 பங்கு செம்பும் கொஞ்சம் மக்னீசியமும் சேர்த்து, சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து வைத்தார். எதையும் புதிதாகச் சேர்க்காமலே சில நாட்களில் அது கெட்டிப்பட்டிருந்தது. பின்னால் டியூராலுமின் என்று பெயர் பெற்றது இதுதான். எது எவ்வளவு என்ற கணக்கு மட்டும்தான் 'கலவை' என்ற சொல்லுக்குத் தெரியும், இந்த உள்மாற்றம் அதற்குள் அடங்காது.

"வேதியியலே அலாயை ஒருபடித்தான, அதாவது எங்கும் ஒரே சீரான, கலவை என்றுதானே வகைப்படுத்துகிறது?" என்று கேட்பார்கள். வகை வேறு, பெயர் வேறு. காற்றும் கலவைதான், நாம் அதை வளிமக் கலவை என்று கூப்பிடுவதில்லை. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மின்கம்பிகளை இணைக்க உருக்கி வைக்கும் பற்றாசில் (solder) 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த வகையை நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு பகுதிகள் தனித்தனியாகத் தெரியும், அங்கே 'கலவை' என்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் வெள்ளீயம் உருக 232 டிகிரி செல்சியஸ் வேண்டும், காரீயத்துக்கு 327. பற்றாசு 183-லேயே உருகிவிடுகிறது, அங்கேயும் இரண்டும் தம் பழைய குணத்தோடு நிற்கவில்லை.

ஆகவே என் சொல் கலப்புலோகம். கலப்பு, உலோகம் இரண்டும் புணர்ந்தது, சேர்த்தே எழுதவேண்டும். கலப்பால் உண்டான உலோகம் என்று பொருள், எதைக் கலந்தோம் என்று சொல்லாததால் கார்பனுக்கும் இடம் இருக்கிறது, கடைசியில் நிற்பது உலோகம். இது புது முறையும் அல்ல. ஐந்து உலோகம் சேர்ந்ததற்கு முன்னோர் வைத்த பெயர் ஐம்பொன். பொன் என்பது உலோகத்துக்கே பொதுப்பெயராகவும் வழங்கிய சொல். 'ஐம்பொன் கலவை' என்று யாரும் சொல்லவில்லை, ஐந்து சேர்ந்தும் அது பொன்னாகவே நின்றது.

'கலப்பு' என்றால் கலப்படம் நினைவுக்கு வருகிறதே என்பவர்கள் கலப்புத் திருமணத்தை நினைத்துப் பார்க்கட்டும். அதைக் கலப்படத் திருமணம் என்று எந்த மொழிபெயர்ப்பாளராவது எழுதுவாரா?

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் 'மாழைக் கலவை' என்கிறார்கள். மாழை என்றால் உலோகம், அருமையான பழஞ்சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் தவறு செய்தது உலோகம் என்ற சொல் அல்லவே! கலவையை வைத்துக்கொண்டு உலோகத்தை மட்டும் மாற்றினால் சொல் தூய்மையாகும், பொருள் தெளியாது. வேண்டுமென்றால் 'கலப்பு மாழை' என்று எழுதுங்கள், மகிழ்ச்சியோடு ஏற்பேன்.

மொழிபெயர்ப்பவர்கள் ஒரு சொல்லைத் தனியாகப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள், அது அடுத்த சொல்லோடு சேரும்போது என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்ப்பதில்லை. குரோமியம், மாங்கனீசு போன்றவற்றைக் கூடுதலாகச் சேர்த்த எஃகை ஒரு கையேடு 'உலோகக் கலவை எஃகு' என்கிறது. எஃகே உலோகக் கலவை என்று படித்தவருக்கு இது என்ன சொல்கிறது? 'கலப்பெஃகு' என்றால் ஒரே சொல்லில் முடிந்தது.

பாதரசம் சேர்ந்ததை 'இரசக்கலவை' என்று எழுதுவதையும் இதே கையோடு மாற்றவேண்டும். 'இரசக் கலப்புலோகம்' சற்று நீளம்தான். இதைவிடக் குறுகிய நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நாளையே அதை எழுதத் தொடங்குகிறேன்.