செடி வாங்கும் முன் வெயிலைப் பாருங்கள்

தோட்டம் அமைத்துத் தரச் சொல்லி அழைப்பவர்கள் பெரும்பாலும் செல்போனில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். பச்சைப் புல்வெளி, நடுவே கல் பாதை, ஓரமெல்லாம் பூ. "இதே மாதிரி வேணும் சார்." நான் முதலில் கேட்பது, வடக்கு எந்தப் பக்கம் என்று. வாஸ்து பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு.

சென்னையில் ஏப்ரல் பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பாதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு மேலே சற்று வடக்கே தள்ளி நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. டிசம்பர் நண்பகலில் 20 அடி உயர வீட்டின் நிழல் வடக்கே ஏறக்குறைய 15 அடிக்கு விழும். நம் மனைகளில் அந்தப் பக்கம் 5 அடி விட்டிருந்தாலே பெரிது. செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வடக்குச் சுவரை ஒட்டிய மண்ணுக்குக் காலை வெயில்கூட எட்டாது. மே மாதம் வந்து பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. வெயில்தான் கொளுத்துகிறதே என்று ரோஜாவும் கொரியன் புல்லும் வைத்துவிடுவார்கள். ஐப்பசி மழையில் ஈரம் காயாமல் புல் அழுகும், ரோஜா மொட்டே வைக்காது. நர்சரிக்காரரைத் திட்டிப் பயனில்லை.

அந்த இடத்துக்கு மணி பிளான்ட், ஸ்னேக் பிளான்ட், வெற்றிலைக் கொடி போதும். தொட்டியில் வைத்தால் கோடையில் நகர்த்திக்கொள்ளலாம். செம்பருத்தி, நந்தியாவட்டை, மல்லி எல்லாம் கிழக்கிலும் தெற்கிலும்.

அடுத்தது மண். புது வீட்டைச் சுற்றி மேலே 2 அங்குலம் செம்மண் அழகாகப் பரப்பியிருக்கும். கடப்பாறையால் குத்திப் பாருங்கள், கீழே செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும்தான். சிமென்டின் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடும். அப்படிப்பட்ட மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. இட்லிப்பூச் செடியில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து இலை மஞ்சளாவது பெரும்பாலும் இதனால்தான். உரம் மேல் உரமாகப் போடுவதைவிட, நடுகிற இடத்தில் ஒன்றரை அடி தோண்டி இடிபாட்டை அள்ளிவிட்டு, செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் நிரப்புவது மலிவு. மண்மட்டம் வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக 10 அடிக்கு 2 அங்குலமாவது சரியட்டும்.

மழைநீர் சேகரிப்புக் குழியின் மேலேயே டைல்ஸ் போட்டு மூடுகிறவர்களை என்ன சொல்வது? 2003-ல் கட்டாயமாக்கிய விஷயம். அதன் மேல் கூழாங்கல் பரப்பினால் பார்க்கவும் நன்றாக இருக்கும், தண்ணீரும் இறங்கும்.

அப்புறம் மரம். நர்சரியில் 3 அடிக் கன்றைப் பார்த்துப் போர்டிகோ ஓரம் வைக்காதீர்கள், அது முழுதாக வளர்ந்தால் எவ்வளவு விரியும் என்று கேளுங்கள். ஆல், அரசு போன்ற ஃபைகஸ் வகைகளைச் சம்ப், செப்டிக் டேங்க் பக்கத்தில் வைக்கவே வேண்டாம், வேர் விரிசலைத் தேடிப் போகும். வேலிக்குச் சீக்கிரம் வளரும் என்று கோனோகார்பஸ் கேட்கிறார்கள். குஜராத் அரசு 2023-லேயே தடை செய்த மரம் அது. சின்ன மனைக்கு ஒரு பவழமல்லி போதும். கொஞ்சம் இடமிருந்து பொறுமையும் இருந்தால் மகிழம் வைக்கலாம், காம்பவுண்ட் சுவரிலிருந்து 10 அடியாவது தள்ளி.