கியூஆர் கோடு காலாவதி ஆகாது

இந்த வாரமும் ஒருவர் வந்தார். கையில் அச்சடித்து முடித்த அழைப்பிதழ்க் கட்டு, மூலையில் கியூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் மண்டபத்துக்கு வழி காட்ட வேண்டும். பணம் கட்டச் சொல்லி ஏதோ ஒரு பக்கம் திறக்கிறது. "கோடு எக்ஸ்பயரி ஆயிடுச்சு, புதுப்பிச்சுக் குடுங்க" என்கிறார். டிசைன் வேலையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்வார்கள்.

கோடு காலாவதி ஆகாது. அதற்குத் தேதியே கிடையாது. அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் இருப்பது வெறும் எழுத்துகள். 1994-இல் ஜப்பானில் மசாஹிரோ ஹாராவின் குழு வாகன உதிரிபாகங்களை அடையாளம் காண இதை உருவாக்கியது. பல வருடங்களுக்கு முன் அச்சிட்ட கோடும் அழியாமல் இருந்தால் இன்றைய போன் படிக்கும். காப்புரிமை வைத்திருந்த டென்சோ வேவ் நிறுவனம் அதைக் காட்டிக் கட்டணம் கேட்பதும் இல்லை. பிறகு செத்தது எது?

இலவசமாகக் கோடு செய்து தரும் பல தளங்கள், நீங்கள் கொடுத்த லிங்க்கை உள்ளே வைப்பதில்லை. தங்களுடைய குட்டி முகவரி ஒன்றை வைக்கின்றன. ஸ்கேன் செய்பவர் முதலில் அவர்களிடம் போய், அங்கிருந்துதான் உங்கள் பக்கத்துக்கு வருகிறார். சோதனைக் காலம் முடிந்ததும் அந்த வழியை அடைத்துவிடுவார்கள். இதற்குப் பெயர் டைனமிக் கோடு. அடிக்கடி மாறும் தகவலுக்கு அது நல்லதுதான், அச்சிட்ட பிறகும் லிங்க்கை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் காகிதம் புழங்கும் காலம் முழுக்கச் சந்தா கட்ட வேண்டும். மாறாத முகவரிக்கு, உங்கள் லிங்க்கையே நேராக உள்ளே வைக்கும் ஸ்டாட்டிக் கோடு போதும்.

எது என்று கண்டுபிடிப்பது சுலபம். போன் கேமராவைக் காட்டுங்கள். திறப்பதற்கு முன் திரையில் முகவரி தெரியும். நீங்கள் கொடுத்ததே தெரிந்தால் சரி. சம்பந்தமில்லாத பெயர் தெரிந்தால், தயவுசெய்து அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

அப்புறம், எங்களை வதைக்கும் மற்ற விஷயங்கள். கோட்டைச் சுற்றி நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை இடம் வேண்டும். "அழகா இல்லை" என்று அதை வெட்டாதீர்கள். நடுவில் லோகோ வேண்டுமா? கோடு செய்யும்போது பிழைதிருத்த அளவை (கொஞ்சம் மறைந்தாலும் கோட்டைப் படிக்க வைப்பது அது) உச்சத்தில் வையுங்கள். அதிலும் ஏறக்குறைய 30 சதவீதச் சேதத்தைத்தான் தாங்கும். அச்சில் மை கசிவதும் அந்தக் கணக்கில்தான் சேரும். லிங்க் நீண்டால் கட்டங்கள் பெருகும்: 21-க்கு 21-இல் தொடங்கி 177-க்கு 177 வரை போகும். அதை விசிட்டிங் கார்டு மூலையில் திணித்தால் எந்தப் போனும் திணறும். வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான படத்தை இழுத்துப் பெரிதாக்காதீர்கள், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி ஃபைலாகக் கொடுங்கள்.

வைஃபை கோடு செய்து சுவரில் ஒட்டுகிறவர்களுக்கு ஒன்று: பாஸ்வேர்டு அதற்குள் எழுத்தாகவே இருக்கிறது. படம் எடுத்துப் போகும் எவரும் படிக்கலாம். விருந்தினருக்குத் தனி வைஃபை வைத்து அதை மட்டும் ஒட்டுங்கள்.

திரையில் ஸ்கேன் ஆகிறது என்று திருப்திப்படாதீர்கள். அதே தாளில், அதே அளவில் ஒரு புரூஃப் (மாதிரி அச்சு) எடுத்து, வீட்டில் இருக்கும் பழைய போனிலும் பாருங்கள். கோட்டின் கீழே முகவரியை எழுத்திலும் போட்டுவிடுங்கள், கேமரா கைவிட்டாலும் தட்டச்சு செய்து போய்க்கொள்வார்கள்.