சொல் விளக்கம்: லாவா விளக்கு

கண்ணாடிக் குடுவைக்குள் வண்ண மெழுகு உருண்டு திரண்டு மேலே ஏறும். கழுத்துவரை போய்ச் சற்றுத் தயங்கி, மெதுவாகக் கீழே இறங்கும். இதுதான் லாவா லேம்ப். தமிழில் 'எரிமலைக் குழம்பு விளக்கு' என்று பெயர்த்துவிடலாம், சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் கடையில் போய் 'குழம்பு விளக்கு இருக்கா?' என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

லாவா நேப்பிள்ஸ் பக்கத்து இத்தாலியப் பேச்சுச் சொல். மழை கொட்டினால் தெருவில் திடீரென்று புரண்டோடும் வெள்ளத்தை அந்த ஊரார் அப்படிச் சொன்னார்கள். அருகிலேயே வெசுவியஸ் எரிமலை. 1737இல் அது வெடித்ததைப் பதிவு செய்த பிரான்செஸ்கோ செராவோ என்ற மருத்துவர், மலையிலிருந்து இறங்கிய நெருப்பாற்றுக்கு இந்தச் சொல்லை எடுத்தாண்டார். வேர் எது? கழுவுதலைக் குறிக்கும் 'லவாரே' என்ற லத்தீன் வினை என்பார்கள் பலர். சரிவைக் குறிக்கும் 'லாபெஸ்' என்போரும் உண்டு.

கழுவுதல்தான் வேர் என்றால் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் 'விளக்கு' என்ற சொல்லிலும் கழுவுதல் உண்டு! விளங்கு, விளக்கு என்பவை இறங்கு, இறக்கு போன்ற சோடி: தானே ஒளிர்ந்தால் விளங்குதல், ஒன்றை ஒளிரச் செய்தால் விளக்குதல். பாத்திரம் பளபளக்கத் தேய்த்தாலும் விளக்குவதுதான். காலையில் பல் விளக்குகிறோம், வாசல் கூட்ட விளக்குமாறு எடுக்கிறோம். புரியாததைப் புரியவைத்தால் அதுவும் விளக்கம். இரண்டு மொழிக்கும் உறவெல்லாம் கிடையாது, தற்செயல்தான். இருந்தாலும் ரசிக்கலாம்.

பிறந்தபோது இந்த விளக்குக்கு லாவா என்ற பெயரே இல்லை. இங்கிலாந்தில் எட்வர்ட் கிரேவன் வாக்கர் 1963இல் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் பெயர் 'ஆஸ்ட்ரோ'. அமெரிக்க உரிமையை வாங்கியவர்கள் சிகாகோவில் 'லாவா லைட்' என்று விற்றார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒட்டியதில் நியாயமும் உண்டு. அடியில் இருக்கும் குண்டு பல்பின் சூட்டில் மெழுகு உருகி விரியும், சுற்றியுள்ள நீரைவிட லேசாகும், ஏறும். மேலே போய் ஆறினால் சுருங்கும், கனமாகும், இறங்கும். சூடுதான் இதற்கு உயிர்.

இங்கேதான் வீட்டில் செய்பவர்கள் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்தேன். குண்டு பல்பை எடுத்துவிட்டுச் சின்ன எல்இடியை வைத்தேன். ஒரு மாலை முழுக்க மெழுகு அசையவே இல்லை, கொழுக்கட்டை மாதிரி அடியில் உட்கார்ந்திருந்தது. எல்இடியை 'ஒளி உமிழ் இருமுனையம்' என்கிறார்கள். பேச்சில் யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் பொருத்தமான பெயர்: அது உமிழ்வது ஒளியை, மெழுகை உருக்கும் அளவு சூட்டை அல்ல.

அப்புறம் வழி மாற்றினேன். பாட்டிலில் முக்கால்வாசி சூரியகாந்தி எண்ணெய், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர். எண்ணெய் லேசானது, மேலே நிற்கும். சாயம் தண்ணீரில் மட்டும் கரையும். தண்ணீரில் நுரைத்துக் கரையும் மாத்திரையில் கால் துண்டைப் போட்டால் கரியமில வாயு கிளம்பி, ஆரஞ்சுத் துளிகளை முதுகில் சுமந்து மேலே போகும். வாயு வெளியேறியதும் துளி தனியாக விழும். அடியிலிருந்து எல்இடி வெளிச்சம் போதும். (நல்லெண்ணெயில் செய்யாதீர்கள். நிறம் அடர்ந்து வெளிச்சம் மேலே வராது.)

சூடும் இல்லை, குழம்பும் இல்லை. இதை ஏன் லாவா என்று சொல்ல வேண்டும்? என் கணக்கில் மெழுகு வகைக்கு 'லாவா விளக்கு' என்ற கலப்புப் பெயரே போதும். எல்இடி வகைக்குக் 'குமிழி விளக்கு'. 'குமிழ் விளக்கு' என்று சுருக்கினால் சிக்கல்: இலங்கைத் தமிழில் பல்புக்கே மின்குமிழ் என்றுதான் பெயர், சாதாரண பல்பு விளக்கு என்று நினைத்துவிடுவார்கள். பழந்தமிழில் நீர்க்குமிழிக்கு 'மொக்குள்' என்றொரு சொல்லும் இருக்கிறது. 'மொக்குள் விளக்கு' அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

பாட்டிலை வேறு எதற்காவது திரும்ப எடுக்க நினைத்தால், எண்ணெய்ப் பிசுக்கு போக அதையும் நன்றாக விளக்கியாக வேண்டும்.