சுவிட்ச் என்னும் சொடுக்கி

மின்சுற்றை இணைக்கவும் துண்டிக்கவும் பயன்படும் உறுப்பு சுவிட்ச். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியபோது இச்சொல்லுக்குக் குதிரையோட்டியின் மெல்லிய பிரம்பு என்றே பொருள். பிறகு ரயிலைத் தடம் மாற்றும் அமைப்புக்கும், 19ஆம் நூற்றாண்டில் மின்கருவிக்கும் அதே பெயர் நிலைத்தது.

இலங்கைப் பாடநூல்களில் இது ஆளி. ஆளுவதால் ஆளி, நல்ல ஆக்கம், ஆனால் தமிழ்நாட்டில் ஆளிவிதைதான் முதலில் நினைவுக்கு வரும். மின்விசை என்றால் இயற்பியலின் விசையோடு குழம்பும். சாவியோ போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தது. சொடுக்கிதான் பொருத்தம். விரலையும் சொடுக்குகிறோம், சாட்டையையும் சொடுக்குகிறோம். உள்ளிருக்கும் ஸ்பிரிங் தகடும் அப்படித்தான், ஓர் எல்லை தாண்டியதும் டக்கென்று தாவும். மெதுவாகப் பிரிந்தால் முனைகளுக்கிடையே பொறி நீடித்து உலோகத்தை அரித்துவிடும்.

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் காரட் தோட்டமொன்றில் படல் திறந்தால் வீட்டில் சிவப்பு எல்.இ.டி. எரிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நெம்புகோல் வைத்த மைக்ரோ சொடுக்கி, அதாவது லேசாக அழுத்தினாலே இயங்கும் சிறிய சொடுக்கி போதும். அதில் மூன்று முனைகள்: காம் பொதுமுனை, என்.ஓ. அழுத்தினால் சேர்வது, என்.சி. அழுத்தினால் பிரிவது. மூடிய படல் நெம்புகோலை அழுத்திக்கொண்டே இருப்பதால் நமக்கு வேண்டியவை காமும் என்.சி.யும். என்.ஓ.வில் கொடுத்தால் படல் மூடியிருக்கும்போதெல்லாம் விளக்கு எரிந்து, 9 வோல்ட் பாட்டரி ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது.

பாட்டரியின் பிளஸ் காமுக்கு. என்.சி.யிலிருந்து மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் 470 ஓம் ரெசிஸ்டர், அடுத்து எல்.இ.டி.யின் நீளக் கால்; குட்டைக் கால் மைனசுக்கு. சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ள, மீதி 7 வோல்ட்டுக்கு 470 ஓம் வழியே 15 மில்லி ஆம்பியர் ஓடும். ரெசிஸ்டர் இல்லாவிட்டால் எல்.இ.டி. கருகும். சத்தமும் வேண்டுமானால் 9 வோல்ட் பஸ்ஸரின் சிவப்பு வயரை என்.சி.யிலும் கறுப்பு வயரை மைனசிலும் கொடுக்கலாம்.

வேலியை முறித்து வரும் காட்டுமாட்டை இந்தச் சுற்று காட்டாது. வயர் அறுந்தாலும் ஊமையாகிவிடும்.

நீலகிரியில் பெரிய எதிரி மூடுபனி. ஈரம் இறங்கினால் செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்துத் தொடர்பு விட்டுப்போகும். சொடுக்கியை பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, வயரைச் சற்றுத் தொங்கவிட்டு அடிப்பக்கத் துளை வழியே நுழைக்க வேண்டும். நீர் வளைவிலேயே சொட்டிவிடும். சால்டர் செய்த இடங்களில் வாசலின் தடவலாம். படல் திறந்தும் விளக்கு எரியாவிட்டால் காமையும் என்.சி.யையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துப் பாருங்கள். எரிந்தால் பழுது சொடுக்கியில். எரியாவிட்டால் பாட்டரி, வயர், எல்.இ.டி. என வரிசையாகப் பார்க்க வேண்டும்.