95.6-இல் முரண்டுபிடிக்கும் கலவை

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கலவையைப் பௌதிக முறையில் பிரித்துவிடலாம், சேர்மத்தைப் பிரிக்க முடியாது என்று படித்தோம். ஆனால் எத்தனாலும் நீரும் கலந்ததை எத்தனை தடவை காய்ச்சி வடித்தாலும் சுத்த எத்தனால் வராதாமே? அப்படியானால் அது கலவையா, சேர்மமா?"

தெரிந்த கதையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். ஒரே வகை அணுக்கள் மட்டும் இருந்தால் தனிமம். வேறு வேறு தனிமங்களின் அணுக்கள் மாறாத விகிதத்தில் பிணைந்திருந்தால் சேர்மம். 9 கிராம் நீரை எங்கிருந்து எடுத்து வந்தாலும் அதில் 1 கிராம் ஹைட்ரஜன், 8 கிராம் ஆக்சிஜன். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு வேதியியலாளர் ஜோசப் பிரவுஸ்ட் சொன்ன விதி இது. கலவைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, எந்த அளவிலும் கலக்கலாம். கொதிக்க வைத்தால் சுத்தமான சேர்மம் ஒரே வெப்பநிலையில் கொதிக்கும். கலவையின் கொதிநிலை ஏறிக்கொண்டே போகும். சரி, பள்ளிக்கூடப் பாடம் அவ்வளவுதான்.

கல்லூரி ஆய்வகத்தில் நானும் இந்தக் கலவையிடம் ஏமாந்திருக்கிறேன். நீர் கலந்த எத்தனாலைத் திரும்பத் திரும்ப வடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் வெப்பமானி 78 டிகிரியை ஒட்டி அசையாமல் நின்றது. வடிந்ததை அடர்த்தி காட்டும் திரவமானியில் அளந்தேன், மறுபடி வடித்து மறுபடி அளந்தேன், அதே எண். கருவி பழுது என்று வேறொன்று வாங்கிவந்து அளந்தும் அதே எண்தான். எடைக் கணக்கில் 95.6 சதவீதம் எத்தனால், மீதி நீர். அது கொதிப்பது 78.2 டிகிரி செல்சியஸில், சுத்த எத்தனால் கொதிப்பது 78.4-இல். கால் டிகிரிகூட வித்தியாசம் இல்லை.

ஆக, மாறாத விகிதம் இருக்கிறது, மாறாத கொதிநிலையும் இருக்கிறது. சேர்மத்துக்குச் சொன்ன இரண்டு அடையாளங்களும் அச்சாகப் பொருந்துகின்றன. ஆனாலும் இது கலவைதான். ஏன் என்று பார்க்க, கொதிக்கும் திரவத்தின் மேற்பரப்புக்குப் போக வேண்டும்.

ஒவ்வொரு மூலக்கூறும் திரவத்திலிருந்து தப்பித்து ஆவியாகப் பார்க்கிறது. அந்தத் தப்பிக்கும் வேகத்தை அளந்து சொல்வதுதான் ஆவியழுத்தம். 78 டிகிரியில் சுத்த எத்தனாலின் ஆவியழுத்தம் ஏறக்குறைய 1 வளிமண்டலம். நீருக்கு அதில் பாதிகூட இல்லை, சுமார் 0.43-தான். ஆகவே எத்தனால் முந்திக்கொண்டு வெளியேறும். 50 சதவீதக் கலவையைக் கொதிக்கவைத்தால் ஆவியில் கிட்டத்தட்ட 77 சதவீதம் எத்தனால் இருக்கும். அதைக் குளிரவைத்து மறுபடி கொதிக்கவிட்டால் 85-ஐ நெருங்கும். அடுத்த முறை 88, 89. ஒவ்வொரு படியிலும் லாபம் சுருங்கிக்கொண்டே வருவதைக் கவனியுங்கள். இந்த இடம்தான் எனக்கு எப்போதும் பிடித்த இடம்.

எத்தனால் மூலக்கூறுக்கு ஒரு தலை உண்டு, ஒரு வால் உண்டு. தலையில் இருப்பது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும். அதற்கும் நீருக்கும் நல்ல ஒட்டுதல். வால் இரண்டு கார்பன்களும் ஐந்து ஹைட்ரஜன்களும் கொண்டது. எண்ணெய்க் குணம், நீரோடு ஒட்டாது. நீர் மூலக்கூறோ நாலு பக்கமும் கைகோத்துக்கொள்ள ஆள் தேடுவது. சுற்றிலும் நீரே இருந்தால் நான்கு ஹைட்ரஜன் பிணைப்புகள் வரை கிடைக்கும், அதனால்தான் அது எளிதில் ஆவியாவதில்லை. 95.6 சதவீதத்தில் நிலைமை தலைகீழ். மூலக்கூறுகளை எண்ணினால் ஒரு நீருக்கு எட்டு ஒன்பது எத்தனால். எங்கே திரும்பினாலும் வால்கள். பிடித்துக்கொள்ளப் போதிய கை கிடைக்காத நீர் மூலக்கூறு, 'இங்கே நமக்கு என்ன வேலை' என்று கிளம்பத் தயாராகிவிடுகிறது. அது வெளியேறும் வேகம் வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக ஏறுகிறது. 0.43-ஐ இரண்டே கால் மடங்குக்குச் சற்று மேல் பெருக்கிப் பாருங்கள். 1 வந்துவிடும்! எத்தனாலும் நீரும் ஒரே வேகத்தில் தப்பிக்கின்றன. திரவத்தில் என்ன விகிதமோ ஆவியிலும் அதே விகிதம். பிறகு வடித்து என்ன பயன்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 98 சதவீத எத்தனாலை எடுத்துக் கொதிக்கவைத்தால், மேலே போகும் ஆவியில் திரவத்தில் இருப்பதைவிட நீர் அதிகமாக இருக்கும். வடிக்க வடிக்கச் சுத்தம் குறையும்.

இதற்குக் கொதிநிலை மாறாக் கலவை என்று பெயர். ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் இதே சங்கதி உண்டு: 20.2 சதவீதத்தில், 108.6 டிகிரியில் விகிதம் மாறாமல் கொதிக்கும். 19-ஆம் நூற்றாண்டில் இதை நீரும் ஹைட்ரஜன் குளோரைடும் சேர்ந்த சேர்மம் என்றே நம்பியவர்கள் இருந்தார்கள். வேதியியலாளர்கள் ஹென்றி ராஸ்கோவும் வில்லியம் டிட்மாரும் 1860-ஐ ஒட்டி ஒரு எளிய காரியம் செய்தார்கள். அழுத்தத்தை மாற்றிக் கொதிக்கவைத்தார்கள். விகிதம் மாறியது. அழுத்தத்தைக் குறைத்ததற்காக நீர் தன் 1:8 கணக்கை மாற்றிக்கொள்ளுமா? வேடம் கலைந்தது. எத்தனால் கலவையிலும் அப்படித்தான், அழுத்தம் சுமார் 70 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே போனால் இந்த முரண்டு அடியோடு மறைந்துவிடும்.

இப்படி அழுத்தம் அழுத்தமாக, டிகிரி டிகிரியாக அளந்து அட்டவணை போடும் ஆய்வுக்கு இன்று நிதி கேட்டுப் போனால், "இதில் புதுமை என்ன?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். அந்த அட்டவணைகளை நம்பித்தான் ரசாயன ஆலைகளின் வடிகோபுரங்கள் நிற்கின்றன.

அப்புறம், மீதி நீரை எப்படித்தான் எடுப்பது? சுட்ட சுண்ணாம்பைப் போட்டால் அது நீரோடு வினைபுரிந்து நீற்றுச் சுண்ணாம்பாகிவிடும், எத்தனாலை மட்டும் வடித்துக்கொள்ளலாம். ஆலைகளில் இப்போது மூலக்கூறு சல்லடைகளைப் பயன்படுத்துகிறார்கள். சியோலைட் என்ற கனிம மணிகளில் 3 ஆங்ஸ்ட்ராம் அகலத் துளைகள் இருக்கும் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). நீர் மூலக்கூறு உள்ளே நுழைந்து சிக்கிக்கொள்ளும், எத்தனாலுக்கு அந்த வாசல் போதாது.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த சுத்த எத்தனால் பாட்டிலை மூட மறந்துவிட்டு மறுநாள் காலையில் வந்து அளந்திருக்கிறேன். காற்றிலிருந்த ஈரத்தை இழுத்து அது மறுபடி கலவையாகியிருந்தது.