தசைக்குள் தங்கும் கொழுப்பு

"டாக்டர், எனக்குத் தொப்பைகூடக் கிடையாது. எனக்கு எப்படி சுகர் வந்தது?"

கேட்டவருக்கு வயது 38. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு மேல்கைத் தோலைக் கிள்ளிக் காட்டினார். இரண்டு விரலுக்கு நடுவே மெல்லிய மடிப்புதான் வந்தது. நாள் முழுக்க நாற்காலி வேலை. அப்பாவுக்கும் சர்க்கரை நோய் உண்டு.

நியாயமான கேள்வி. ஒல்லியாக இருக்கும் பலர் என்னிடம் இதையே கேட்கிறார்கள். கிள்ளினால் கைக்கு அகப்படுவது தோலடிக் கொழுப்பு மட்டும்தான். இன்னொரு கொழுப்பு தசை செல்லுக்குள்ளேயே மிக நுண்ணிய துளிகளாகத் தங்குகிறது. எடை பார்த்தாலும், இடுப்பை அளந்தாலும் அது தெரியாது.

2004இல் யேல் பல்கலைக்கழகத்தின் கிட் பீட்டர்சன், ஜெரால்ட் ஷுல்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஏறக்குறைய இவரைப் போன்றவர்களைப் பற்றியது. சர்க்கரை நோயாளிகளின் பிள்ளைகள். இளைஞர்கள், ஒல்லியானவர்கள், இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்கள். அதே வயது, அதே எடையில் இன்சுலின் நன்றாக வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டபோது, இவர்களுடைய தசை செல்லுக்குள் சுமார் 80 சதவீதம் அதிகக் கொழுப்பு இருந்தது. எரிபொருளைச் சக்தியாக மாற்றும் மைட்டோகாண்ட்ரியாவின் வேலை சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. அப்போது அவர்களுக்குச் சர்க்கரை நோய் வந்திருக்கவில்லை. அதற்கு முன்பே தசையில் மாற்றம் தொடங்கிவிட்டது.

தசையில் கொழுப்பு இருந்தால் சர்க்கரை ஏன் ஏற வேண்டும்? ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இன்சுலினின் சொல் கேட்டு உள்ளே இழுத்துக்கொள்வதில் பெரும்பங்கு தசைக்குத்தான். அந்த வேலையைச் செய்யும் குளூட்-4 என்ற புரதம் சாதாரண நேரத்தில் செல்லின் உட்புறம் ஒதுங்கியிருக்கும். இன்சுலின் செல்லின் வெளிச்சுவரில் வந்து ஒட்டியதும், உள்ளே ஒரு புரதம் அடுத்ததைத் தூண்ட, அது அடுத்ததைத் தூண்ட, செய்தி கைமாறிப் போகிறது. கடைசியில் குளூட்-4 மேலே வந்து சர்க்கரையை உள்ளே விடுகிறது. செல்லுக்குள் எரியாமல் மிஞ்சும் கொழுப்பிலிருந்து டையசில்கிளிசரால், செராமைடு போன்ற இடைப்பொருள்கள் சேரும்போது இந்தக் கைமாற்றம் தடைபடுகிறது. முன்னது சங்கிலியின் தொடக்கத்தில் தடுக்கிறது, பின்னது சற்றுத் தள்ளி. இன்சுலின் போதுமான அளவு இருந்தும் செய்தி போய்ச் சேருவதில்லை. கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. அதற்கு முடியாமல் போகும் நாளில்தான் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஏறித் தெரிகிறது.

சரி, அப்படியானால் தசையில் கொழுப்பே இருக்கக் கூடாதா? இந்த இடத்தில்தான் ஒரு ஆச்சரியம். நெடுந்தூர ஓட்டம், சைக்கிள் போட்டி என்று பயிற்சி செய்கிறவர்களின் தசையிலும் கொழுப்புத் துளிகள் ஏராளம். ஆய்வாளர் பிரெட் குட்பாஸ்டர் குழுவினர் 2001இல் இதை வெளியிட்டார்கள். சர்க்கரை நோயாளிகளின் தசையில் இருக்கும் அளவுக்கு இவர்களிடமும் கொழுப்பு இருக்கிறது; ஆனால் இன்சுலினோ மிக நன்றாக வேலை செய்கிறது. ஓடும்போது அந்தத் துளி கரைந்து எரிகிறது, ஓய்வில் திரும்ப நிரம்புகிறது. துளிகள் மைட்டோகாண்ட்ரியாவை ஒட்டியே இருப்பதால் எடுத்து எரிப்பதும் சுலபம். ஆகவே துளி இருப்பது பிரச்சினை இல்லை, அது செலவாகாமல் கிடப்பதுதான் பிரச்சினை. நோயாளிகளிடம் நான் அதிக நேரம் செலவழித்து விளக்குவது இதைத்தான். "கொழுப்பைக் குறைங்க" என்று மட்டும் சொன்னால் ஒல்லியானவர் என்ன செய்வார்? சாப்பாட்டைக் குறைப்பார், அப்புறம் இருக்கிற தசையும் கரையும்.

தசை சுருங்கும்போது இன்சுலின் இல்லாமலேயே குளூட்-4 மேலே வருகிறது. அடைபட்ட வழியை விட்டுவிட்டு வேறு வழியில் போவது போல. இன்சுலினுக்குத் தசை காட்டும் கூடுதல் இணக்கமும் ஒருமுறை நன்றாக உடற்பயிற்சி செய்தபின் ஒன்றிரண்டு நாள் வரை நீடிக்கும். அதனால்தான் வாரக் கடைசியில் மொத்தமாகச் செய்துகொள்ளலாம் என்பவர்களை நான் விடுவதில்லை. தொடர்ந்து 2 நாளுக்கு மேல் இடைவெளி வேண்டாம் என்கிறேன். வாரத்துக்கு 150 நிமிட வேக நடை, 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, உட்கார்ந்தே இருக்கும் வேலையில் அரை மணிக்கொருமுறை எழுந்து நடப்பது. அவருக்கு எழுதிக்கொடுத்ததும் இவ்வளவுதான்.

தசைக் கொழுப்பை அளக்க ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்டார். ஆராய்ச்சிக்கு எம்ஆர் என்ற காந்தப்புல ஸ்கேன் முறையில் அளப்பார்கள். அவருக்கு அது தேவையில்லை. எத்தனை துளி என்று தெரிந்தாலும் செய்ய வேண்டியது மாறப்போவதில்லை.

இன்சுலின் ஊசியோ, கணையத்தைத் தூண்டும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் பேசி மருந்தின் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தசை நன்றாகச் சர்க்கரையை இழுக்கத் தொடங்கியதும் பழைய அளவு மருந்தே தாழ்சர்க்கரையில், அதாவது ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையும் நிலையில், கொண்டுபோய் விடலாம், சில நேரம் அன்றிரவு தூக்கத்தில்கூட. விழித்திரையில் பாதிப்பு இருப்பவர்கள் கண் மருத்துவரைக் கேட்காமல் கனமான எடையைத் தூக்க வேண்டாம்.